விளக்கு எரியாத மூலை

டிக்கெட்டுக்காகப் போன் செய்யும்போது பியோ மிரான் கைபேசியை மேசைமேல் மல்லாக்கப் போட்டு, ஒலிபெருக்கியில்தான் பேசுவாள். காதோடு பிடித்துக்கொண்டிருக்கக் கையில் தெம்பு இல்லை. அன்றைக்கும் அப்படித்தான். மாடி வீட்டுப் பெண் சுல்பி பக்கத்தில் உட்கார்ந்து, வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். காத்திருக்கச் சொல்லும் இசை நெடுநேரம் ஓடிவிட்டு நின்றது.

"காத்திருந்தமைக்கு மனமார்ந்த நன்றி, வாடிக்கையாளர் அவர்களே. தங்களுக்கு எவ்வகையில்..."

"உதவலாம்," என்று மிரானே முடித்து வைத்தாள். "நாரே குழுவோட கச்சேரி. கடைசி நாள். சக்கர நாற்காலி ஒண்ணு, கூட வர்றவங்க ஒண்ணு."

"மேடம், நெட்டுல இருக்கை வரைபடம் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. அங்க எல்லாருக்கும் திராட்சை தொங்குது. எங்களுக்குக் கொடியே இல்லையே."

காலி இருக்கைகள் திரையில் ஊதாப் புள்ளிகளாக வரும். ரசிகர்கள் அவற்றைத் திராட்சை என்பார்கள். கண்ணில் பட்டதும் பறிக்க வேண்டும். சக்கர நாற்காலிக்காரர்களுக்குப் புள்ளி கிடையாது, போன்தான். எதிர்முனைப் பெண்ணும் அந்த ரசிகர் கூட்டத்தைச் சேர்ந்தவள் போலிருக்கிறது. சிரிப்பை விழுங்கிய சத்தம் கேட்டது.

"கிடைச்சிருச்சு மேடம். ரெண்டு."

"இன்னொண்ணு கேக்கணும். போன தடவ எங்க இடத்துல ஒளிக்கோல் எரியல. நான் புகார் சொல்லியிருந்தேன்."

விசைப்பலகை தட்டும் ஓசை. "ஆமாங்க, பதிவாகியிருக்கு. 'இருட்டான பகுதி தொடர்பான புகார்.' இந்தத் தடவ அது சரிசெய்யப்பட்டிருக்கு."

"எப்படி?"

"சரிசெய்யப்பட்டதுன்னு மட்டும்தான் போட்டிருக்கு மேடம். ஏற்பட்ட அசௌகரியத்துக்கு எங்கள்..."

"ஆழ்ந்த வருத்தம்," என்றாள் மிரான். "மூச்ச மிச்சம் புடிம்மா. நானும் இதே பொழப்புதான்."

வைத்துவிட்டுக் கிழங்கைக் கையில் வாங்கினாள். தின்னவில்லை. "சரி பண்ணிட்டாங்களாம்டீ," என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் அதையே இன்னும் பல தடவை சொல்லிவிட்டாள்.

மிரானுக்கு நாற்பது தாண்டிவிட்டது. புச்சோன் நகரில், சரிவுப் பாதை உள்ள பழைய அடுக்கு வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறாள். தொலைக்காட்சியில் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்துக்காக, வீட்டில் இருந்தபடியே காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு புகார் கேட்கிறாள். கருவாட்டில் பூஞ்சை, மின்போர்வையில் சூடு இல்லை, முள்ளங்கிக் கிம்ச்சி புளித்துவிட்டது. எல்லாவற்றுக்கும் தேன் தடவிய ஒரு குரலில் மன்னிப்புக் கேட்பாள். "சம்பளமே மன்னிப்புக் கேக்கறதுக்குத்தான். கோவப்படறதெல்லாம் சொந்தச் செலவு," என்பாள். வீட்டில் யாரிடமாவது அந்தத் தேன் குரலில் பேசினால் உள்ளே எரிந்துகொண்டிருக்கிறாள் என்று பொருள்.

தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகும் நோய் அவளுக்கு. முதலில் கால்கள் போயின. பிறகு இடுப்பு. இப்போது விரல்களின் முறை. ஆனாலும் உதவி என்று வாய் திறந்து கேட்கமாட்டாள். பழியைப் பொருள்கள்மேல் போட்டுவிடுவாள். "இந்த பாட்டில் மூடிக்கு ரொம்பத் திமிரு," என்றால் திறந்து தர வேண்டும். "அந்த ஜன்னலுக்குக் குளிருது போலிருக்கு," என்றால் சாத்த வேண்டும். இந்த மொழி பழக சுல்பிக்குச் சில மாதங்கள் ஆயின. சுல்பி அதிகம் பேசுகிறவள் இல்லை. வாசல் சரிவில் ஒருநாள், மிரானின் நாற்காலியின் கைப்பிடியில் நாரே குழுவின் சாவிக்கொத்து ஆடுவதைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்த அதே கொத்தை எடுத்துக் காட்டினாள். பழக்கம் அப்படித் தொடங்கியது.

ஐந்து பேர் கொண்ட அந்தக் குழுவில் மிரானுக்குப் பிடித்தவன் தேயூல்தான். அழகன் என்பதால் இல்லை. "மத்த நாலு பேரும் நுரையீரலே இல்லாத மாதிரிப் பாடுறானுங்க. இவன் பாடறப்ப மூச்சு வாங்கறது கேக்கும். கஷ்டப்பட்டு இழுக்கறான்டீ, கவனிச்சுப் பாரு," என்பாள். அந்தத் தேயூல் கட்டாய ராணுவச் சேவைக்குப் புறப்படும் நேரம் வந்திருந்தது. அவனுக்குப் பின் ஒவ்வொருவராக மற்றவர்களும் போவார்கள். ஐவரும் மறுபடி ஒரே மேடையில் நிற்கச் சில வருடங்கள் ஆகும். ரசிகைகள் அழுதார்கள். மிரான் அழவில்லை. தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "அவனுங்க திரும்பி வந்துருவானுங்க. இதுங்க அதுவரைக்கும் இருக்கணுமே," என்றாள்.

அவள் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. ரசிகர்கள் கையில் தூக்கிப் பிடிக்கும் ஒளிக்கோல், அவளுடையது ஒரு தடவையாவது மற்ற கோல்களோடு சேர்ந்து எரிய வேண்டும், அதைத் தேயூல் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்தக் கோல்கள் தானாக நிறம் மாறுவதில்லை. வாங்கியவர் தன் இருக்கை எண்ணைக் கைபேசிச் செயலியில் பதிந்துவிட்டால், அதன்பின் கோல் மேடைக்குக் கட்டுப்படும். பாட்டுக்குத் தக்கபடி அரங்கமே ஒரே நொடியில் நீலமாகும், வெள்ளையாகும், குழுவின் பெயரையே எழுத்தெழுத்தாக எழுதிக் காட்டும். சக்கர நாற்காலிகள் நிற்கிற இடமோ வெறும் பலகைத்தளம். அங்கே இருக்கை கிடையாது. இருக்கை இல்லாததால் எண் இல்லை, எண் இல்லாததால் நிறமும் இல்லை. கையால் விசையை அழுத்தி எரிய வைத்துக்கொள்ளலாம். போன கச்சேரியில் அப்படித்தான் மிரானும் அங்கிருந்த மற்றவர்களும் எரிய வைத்தார்கள். பணிப்பெண் ஒருத்தி குனிந்தபடி ஓடி வந்தாள். "அணைச்சிருங்க, ப்ளீஸ். இங்க மட்டும் வேற கலர் தெரியுது. எழுத்து கெட்டுப்போகுது. ரெக்கார்ட் பண்றாங்க," என்று ஒவ்வொருவரிடமும் கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள். அணைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் தேயூல் மேடை நீட்சியின் நுனிக்கு வந்தான். ஒளிவெள்ளத்தைச் சுற்றிலும் பார்த்தான். அவர்கள் இருந்த இடது மூலையில் அவன் பார்வை நின்றது.

"அந்த மூலைல என்ன, எல்லாரும் தூங்கிட்டீங்களா? இல்ல, எங்க மேல கோவமா?"

அரங்கம் கொல்லென்று சிரித்தது.

அவர்கள் உலகில் ஒரு குழுவைப் பிடிக்காதவர்கள் கூச்சல் போடுவதில்லை. கோலை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதைவிடப் பெரிய அவமானம் அங்கே கிடையாது. மறுநாள் ரசிகர் பக்கத்தில் ஒரு படம் வந்தது. கடல்போல் வெளிச்சம், நடுவே கரி அப்பிய மாதிரி ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே வந்திருந்த கருத்துகளை மிரான் தன் தேன் குரலில் சுல்பிக்குப் படித்துக் காட்டினாள்.

"'எதிர்க்கூட்டத்து ஆளுங்கதான். காசு குடுத்து வந்து, லைட்ட அணைச்சுட்டு, கல்லுமாதிரி உக்காந்திருக்காளுங்க. நம்ம பாட்டுக்கு ஒருத்தியாவது எழுந்திரிச்சாளா பாரு.'" நிறுத்தினாள். "உக்காந்திருந்தது வரைக்கும் உண்மைதான்."

"நான் பதில் எழுதட்டுமா அக்கா?"

"என்னன்னு எழுதுவ? 'அவங்க பாவம்'னா? வேணாம். எதிரியாவே இருந்துட்டுப் போறேன். அதுக்காவது ஒரு மரியாதை இருக்கு."

சொன்னாளே தவிர, அன்றைக்கே போன் செய்து புகாரைப் பதிந்தாள். அந்தக் கச்சேரியின் பதிவு வெளிவந்ததும் அவளுக்குப் புதிதாக ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் போட்டுக் காட்டுவாள். அரங்கம் முழுவதும் தெரிகிற இடத்தில் நிறுத்தி, அந்தக் கருப்பைச் சுட்டிக்காட்டுவாள். "அதோ நான். இவ்வளவு பெரிய கூட்டத்துல வேற எவளுக்காவது தான் இருக்கற இடம் இப்படிப் பளிச்சுன்னு தெரியுமா?" என்பாள். வந்தவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது.

கடைசிக் கச்சேரிக்கு நகங்களுக்கு நீலச் சாயம் பூசிக்கொண்டாள். பூசியது சுல்பி. கச்சேரி நாளில் காலை முதல் மிரான் தண்ணீர் குடிப்பதில்லை. அரங்கத்தில் அவளுக்கென்று உள்ள கழிப்பறையில் எப்போதும் துடைப்பமும் வாளியும்தான் குடியிருக்கும். உதடுகளை மட்டும் நனைத்துக்கொண்டு, கிம்பாப் சோற்றுச் சுருளில் இரண்டு துண்டு தின்றுவிட்டுக் கிளம்பினாள். டாக்சியில் கோலை மடியில் வைத்து, புது மின்கலம் போட்டாயிற்றா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

வாசலில் சீருடை அணிந்த பெண் ஒருத்தி சிரித்த முகமாக வரவேற்றாள். இடது மூலைக்கு அழைத்துப் போகவில்லை. அதைத் தாண்டி, ஒலி அமைப்பாளர்களின் மேடைக்கும் ஒளிப்பதிவுச் சாரத்துக்கும் பின்னால், மேல் மாடம் கவிந்திருந்த இடத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே புதுப் பலகைத்தளம் இருந்தது. இடது மூலையில் வரிசை வரிசையாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் எண்.

"இங்க சவுண்டு ரொம்ப நல்லாருக்கும்," என்றாள் அந்தப் பெண்.

"காதுல கோளாறு இல்லம்மா. கண்ணையும் கூடவே கொண்டு வந்திருக்கேன்." தேன் குரல். "கோல் எரியுமா இங்க?"

"கையாலயே எரிய வெச்சுக்கலாங்க. எந்தக் கலர் வேணாலும். இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கேமராவுல விழாது."

மிரான் தலையை ஆட்டினாள். "சரி பண்ணிட்டாங்க," என்றாள் சுல்பியிடம்.

கச்சேரி முழுக்க அவர்கள் பார்த்தது சாரத்தின் கம்பிகளையும், பெரிய திரையின் ஓர் ஓரத்தையும்தான். மிரான் கோலை நீலத்தில் எரிய வைத்துத் தொடைகளுக்கிடையே நட்டுக்கொண்டாள். எந்தப் பாட்டில் எந்த இடைவெளியில் யார் பெயரைக் கூவ வேண்டுமோ, அங்கே அந்தப் பெயரைப் பிசகாமல் கூவினாள். குரல் கம்மிய பிறகும் விடவில்லை. சுல்பி எழுந்து நின்றால் மேடை தெரிந்திருக்கும். அவள் எழவில்லை.

முடியும் தறுவாயில் தேயூல் பேசினான். அழுகிறான் என்பது மூச்சிலேயே தெரிந்தது.

"போன தடவ இடது பக்க மூலைல ஒரே இருட்டா இருந்துச்சு. நான் சிரிச்சுக்கிட்டே கேட்டேன், ஆனா அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல. நாங்க என்ன தப்பு பண்ணோம்னு நினைச்சு நினைச்சு... இன்னிக்குப் பாருங்க. ஒரு பொட்டு இருட்டுகூட இல்ல. யாருமே விட்டுப்போகல. எல்லாரும் வந்துட்டீங்க!"

அரங்கம் அதிர்ந்தது. பக்கத்துச் சக்கர நாற்காலிக்காரர் கை தட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மிரான் தொடைகளுக்கிடையே இருந்த கோலை எடுத்தாள். இரண்டு கட்டைவிரல்களையும் விசைமேல் வைத்து அழுத்தினாள். மசியவில்லை. உதவப் போன சுல்பியின் கையை முழங்கையால் தள்ளினாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். மறுபடியும். நீலம் அணைந்தது.

"சுல்பி," என்றாள். தேன் குரல் இல்லை. விசையைத் திமிர் பிடித்தது என்று திட்டவும் இல்லை. "இத எடுத்துக்கிட்டு அந்த மூலைக்குப் போ. படிக்கட்டு ஓரமா நில்லு. அணைஞ்சபடியே உசரத் தூக்கிப் புடி. அங்க ஒரு பொட்டு இருட்டு இருக்கட்டும்."

"அக்கா, அவன் பாத்துட்டா..."

"எனக்காகப் போடீ."

அணைந்த கோலை நீட்டியபடியே இருந்தாள். கை தாழப் பார்க்க, மறு கையால் முட்டுக் கொடுத்தாள். இறக்கவில்லை.