காலுறையில் சுற்றிய காது மெஷின்

எங்கள் மருத்துவக் கல்லூரியில் மன்னிப்புக் கேட்பதற்கென்றே ஒரு வகுப்பு உண்டு. செவ்வாய்தோறும் மூன்றாம் மாடியில் நடக்கும். சிகிச்சையில் தவறு நேர்ந்தால் அதை நோயாளியின் வீட்டாரிடம் ஒளிக்காமல் எப்படிச் சொல்வது என்று மாணவர்கள் பழகுவார்கள். வீட்டாராக நடிக்க வெளியிலிருந்து ஓர் அம்மாள் வருவார், எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. கதை எழுதிய அட்டையை அச்சடித்துக் கொடுப்பதும், எட்டு நிமிடம் முடிந்ததும் மணி அடிப்பதும் என் வேலை.

அக்கா தையல் கடை வைத்திருந்தவர். வயது அறுபத்திரண்டு. எதையும் லேசில் நம்பமாட்டார். லிஃப்ட் பழுது என்று பலகை தொங்கினாலும் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் படியேறுவார். நான் வாங்கிவரும் தேநீரை, நான் ஒரு வாய் குடித்த பிறகே தொடுவார். துப்பறியும் புலி என்று கேலி செய்வேன், கோபித்துக்கொள்ளமாட்டார்.

மாணவர்களுக்கு அவரைக் கண்டாலே பயம். "தப்பு நடந்துபோச்சும்மா" என்று ஒருவன் ஆரம்பித்தால், "அதுவா நடந்து வந்துச்சா தம்பி? யாரு பண்ணினது?" என்பார். முகத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துப் பேசுகிறவனுக்கு மதிப்பெண்ணே கிடையாது.

இந்த வேலைக்கு ஏன் வந்தார் என்று ஒருநாள் சொன்னார். ஏழு வருடத்துக்கு முன் அவர் கணவர் இதே கல்லூரியின் மருத்துவமனையில் காய்ச்சலுக்குப் படுத்து, நான்காம் நாள் காலையில் மூச்சுத் திணறி, முகம் வீங்கி இறந்துபோனாராம். முகக்கவசம் போட்ட ஒரு டாக்டர் வெளியே வந்து, வெளியிலிருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று மட்டும் கேட்டாராம். வீட்டிலிருந்து கொண்டுபோன பாலை அக்கா அரை டம்ளர் கொடுத்திருந்தார். ஆமாம் என்றார். பக்கத்தில் நின்ற மகன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து தாய் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. வாய்விட்டு ஒரு வார்த்தை திட்டியதும் இல்லை, அதுதான் கொடுமை. பால்தான் கொன்றதா, வேறு ஏதாவதா? இங்கே எவனாவது ஒருநாள் வாய்தவறி உளறுவான் என்று அக்கா காத்திருந்தார்.

சென்ற மாதம், வகுப்பை நடத்தும் பெரிய டாக்டர் புது அட்டை எழுதித் தந்தார். அட்டைகள் எல்லாமே உண்மையில் நடந்த தவறுகள்தான். ஆள் தெரியாமலிருக்க வயது, தொழில், உறவு எல்லாவற்றையும் மாற்றிவிடுவார். இதில் நோயாளி நாற்பது வயது ஆசிரியை. அக்காவுக்கு அவளுடைய மூத்த சகோதரி வேடம். ஒத்துக்கொள்ளாத மருந்து என்று கோப்பில் எழுதியிருந்ததைப் பார்க்காமல் அதே ஊசியைப் போட்டுவிட்டார்கள். இந்த ஊசி ஒத்துக்கொள்ளுமா என்று அவளிடமும் கேட்டார்கள்தான், ஆனால் காது கேட்காமல் சும்மா தலையாட்டிவிட்டாள். திருட்டுப் போகுமென்று காது மெஷினைக் காலுறையில் சுற்றித் தலையணைக்கடியில் வைத்திருந்தாள்.

அக்கா அந்த வரியை மூன்று முறை படித்தார். "எங்க வீட்டுக்காரர் இப்படித்தான் வச்சிருந்தாரு" என்றார்.

சந்தேகத்தில் அந்த மனுஷன் அக்காவையும் மிஞ்சியவர் போலிருக்கிறது. வேறொருவரும் அப்படி வைத்திருக்கலாம் என்று சமாதானம் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கையில்லை. எல்லாவற்றையும் மாற்றியவர் காலுறையை மாற்ற மறந்துவிட்டாரா?

வகுப்பு தொடங்கியதும் அக்கா முதல் மாணவியைக் கைகாட்டி நிறுத்தினார். பெரிய டாக்டரே ஒருமுறை செய்து காட்டட்டும், பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்றார். மாணவர்களுக்கு ஒரே குஷி. டாக்டர் சிரித்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தார். அழகாகத்தான் செய்தார். கோப்பைப் பார்க்காதது தன் தவறு என்றார், மன்னிப்புக் கேட்டார், குரல்கூடத் தழுதழுத்தது. எனக்கு அந்தத் தழுதழுப்பின் மேலும் சந்தேகம்தான்.

அக்கா அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"அந்த நோயாளி ஆம்பிள, டாக்டர். கூட இருந்தது அக்கா இல்ல, சம்சாரம். அரை டம்ளர் பால் குடுத்த சம்சாரம்."

டாக்டரின் கண் வாசலுக்குப் போனது. எட்டு நிமிடம் தாண்டிவிட்டது. நான் மணி அடிக்கவில்லை.

"பாலாலயா செத்தாரு?"

"இல்லம்மா. ஊசியாலதான்."

அக்கா கண்ணை மூடித் திறந்தார். அத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு மாஸ்க் போட்டுட்டு வெளிய வந்து கேட்டது நீங்கதானே? கேட்டப்போ ஊசின்னு உங்களுக்குத் தெரியுமா?"

வக்கீலைக் கேட்காமல் வாய் திறக்கமாட்டார் என்றே நான் நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தெரியும்மா. தெரிஞ்சுதான் கேட்டேன்."

அக்கா அழவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து மகனை அழைத்தார். மறுமுனையில் குரல் கேட்டதும் அதை டாக்டரிடம் நீட்டினார்.

"எம்புள்ளைகிட்ட சொல்லுங்க."