மடி உதறிய வாசல்

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவோடு சென்னையில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். ஏலக்காய் குவித்திருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்ததும், போடியில் அம்மா காய் பொறுக்கிய சரக்குக் கிட்டங்கிக்குள் போய் விழுந்தேன்.

பள்ளி விட்டதும் நேரே அங்கேதான் போவேன். தகரக் கூரையின் வெக்கையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சுளகில் காய் உரச உரச, வெடித்ததையும் வெளுத்ததையும் தள்ளிவிட்டு, பச்சையாய்ப் பருத்ததை மட்டும் பட்டணத்து மூட்டைக்கு ஒதுக்குவார்கள். அந்தச் சரசரப்பு மழைபோல ஓயாது. எங்கள் வீட்டுத் தேநீரில் ஏலக்காய் விழுந்ததே இல்லை, அம்மாவின் விரல்களில்தான் மணம் இருந்தது. சாயங்காலம் வாசலில் காவல்காரர் முன்னால் ஒவ்வொருத்தியும் முந்தானையை விரித்து மடியை உதறிக் காட்டிய பிறகே எங்கள் ஊரான சிலமலைக்குப் போகும் பஸ்சுக்கு ஓட முடியும். நானும் பாவாடையை உதறுவேன், ஏதோ விளையாட்டென்று.

இப்போது அங்கே இயந்திரம்தான் காய் பிரிக்கிறது. அம்மாவோடு இருந்தவர்கள் இந்த வயதிலும் ஜீப்பேறி மலைக்குக் காய் பறிக்கப் போகிறார்கள். படித்துத் தேறிய நாங்களெல்லாம் மூட்டை போன வழியிலேயே வந்துவிட்டோம். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது.

பணம் கட்டிவிட்டுத் திரும்பினால் அம்மாவைக் காணோம். கடை வாசலில், காவலாளி முன்னால் நின்று முந்தானையை விரித்து உதறிக்கொண்டிருந்தாள்.

“யம்மா, இங்க யாரும் கேக்கலையே!”

“கேக்க விடலாமா தாயி? நாமளா காட்டிட்டு வெரசாப் போயிரணும்.”

அந்த இளம் காவலாளி ஒன்றும் புரியாமல் தலையாட்டினான். அதன் பிறகுதான் அம்மா படியிறங்கினாள்.