நான் நடத்திய லூப் பந்தயம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது, சொல்லப்போனால் பெருமைதான். ஒற்றை வேனை நானே ஓட்டி ஆரம்பித்தேன். இன்றைக்குத் திருக்கழுக்குன்றத்தில் சொந்த ஷெட், பதினெட்டு வண்டி. கல்பாக்கத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், மாமல்லபுரம் ஓட்டல்களுக்குப் போகிறவர்கள், கூடுவாஞ்சேரியிலிருந்து கம்ப்யூட்டர் ஆபீசுக்குப் போகிறவர்கள், எல்லோரையும் வீட்டு வாசலில் ஏற்றுவது என் வண்டிதான். யாரை முதலில் ஏற்றினால் யாரும் காத்திருக்க வேண்டாம் என்பதை வருடக்கணக்காக என் மண்டையிலேயே வைத்திருந்தேன். ஒரு நோட்டுகூடக் கிடையாது. படித்தவர்கள் வாயைப் பிளந்திருக்கிறார்கள்.

என் மகள் இன்ஜினியரிங் முடித்தவள். பெங்களூரில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் ஷெட்டில் வந்து உட்கார்ந்தாள். "உன் மண்டையில கீறத கம்ப்யூட்டர்ல ஏத்தறேன் நைனா" என்றாள். இரண்டு வருடம் எழுதினாள். இன்றைக்கு யார் லீவு, யாருக்கு ஷிப்டு மாறியிருக்கிறது என்று போட்டால் போதும், எந்த வண்டி எந்த வரிசையில் போக வேண்டும் என்று சொல்லிவிடும்.

ஷெட்டில் எனக்கு ஒத்தாசையாக இருந்த என் அக்கா மகனும் கம்ப்யூட்டர் படித்தவன்தான். இவளைச் சீண்டுவதற்கென்றே அதே வேலையை வேறொரு கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக் கொண்டுவந்தான். அவன் மொழியில் வழக்கமான லூப். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே, ஒரே இடத்தில் அழித்து அழித்து எழுதிச் சுற்றும். இவள் மொழியில் எதையும் அழிக்கக் கூடாதாம். ஒரு துண்டு தன் வேலையை முடித்துவிட்டு, மிச்சத்தைக் கையில் கொடுத்துத் தன்னையே மறுபடி கூப்பிட்டுக்கொள்ளுமாம்.

"உன்னுது தன்னத்தானே கூப்ட்டுகினு கீது, எப்ப முடிக்கிறது?" என்பான் அவன்.

"உன்னுதுல அழிச்சது இன்னா, மிஞ்சனது இன்னான்னு உனுக்கே தெரியாது, போடா" என்பாள் இவள்.

சிரித்துக்கொண்டுதான் பேசிக்கொள்வார்கள். அதைப் பந்தயமாக்கியவன் நான்.

வண்டிகள் ஓய்ந்து நிற்கும் ஒரு மத்தியானம். டிரைவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒரே கம்ப்யூட்டர், ஒரே வண்டியின் பெயர்ப் பட்டியல். வரிசையை எத்தனை விதமாக மாற்றலாமோ அத்தனையையும் போட்டுப் பார்த்துக் குறைந்த தூரத்தைச் சொல்ல வேண்டும். என் போனில் நேரம் பிடித்தேன். அக்கா மகனுடையது நான் ஒரு வாய் டீ குடிப்பதற்குள் முடிந்துவிட்டது. மகளுடையது திரையில் ஒன்றுமே காட்டாமல் நின்றது.

"இன்னாமா, பஞ்சரா?" என்றார் மூத்த டிரைவர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒருவழியாக அது ஓடி முடிந்ததும் மகள் என்னைப் பார்த்து, "நைனா, ஒரே தபா ஓட்டிப் பாத்தா..." என்று ஆரம்பித்தாள்.

"தோத்தா தோத்தேன்னு சொல்லக் கத்துக்க. ரெண்டு வருசம் இதுக்குத்தான் உக்காந்துகினு இருந்தியா?" என்றேன். அத்தனை பேர் முன்னால். பிறகு நானே சத்தமாகச் சிரித்தேன்.

அவள் கம்ப்யூட்டரை மூடினாள். மறுநாளிலிருந்து அக்கா மகன் எழுதியது ஓடியது. அடுத்த மாதம் அவள் பெங்களூர் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். சுகர் மாத்திரை போட்டாயா என்று கேட்பாள், வைத்துவிடுவாள். வீட்டுக்கு வா என்று கூப்பிட்டால் லீவு இல்லை என்பாள்.

ஒரு வருடம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா மகன் சொன்னான்: "மாமா, திட்டக் கூடாது. அன்னிக்கு என்னுத முன்னாடியே மெசினுக்குப் புரியற மாதிரி மாத்தி ரெடியா வெச்சிருந்தேன். அவளுது ஓடறப்பதான் மாறும். அதான் மொத தபா மட்டும் லேட்டு. அப்புறம் சரியாப்பூடும். தன்னத்தானே கூப்புடுதுன்னு சொன்னேனே, அதுகூட உள்ள போனா லூப்தான். ரெண்டும் ஒரே சுத்துதான் மாமா."

"ஏண்டா, அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நீ யார பேச வுட்ட?"

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன். காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன்னால் வண்டியை எடுத்த டிரைவரை அன்றே வீட்டுக்கு அனுப்புகிறவன் நான். குளிர்ந்த இன்ஜினை வைத்து வண்டியின் ஓட்டத்தைச் சொல்பவன் டிரைவரே இல்லை என்று ஊரெல்லாம் பேசியிருக்கிறேன்.

அப்போதே இரண்டையும், நடுவில் மூடாமல், பத்துப் பத்துத் தடவை ஓட்டச் சொன்னேன். நேரத்தை என் கையாலேயே காகிதத்தில் எழுதினேன். மகளுடையது முதல் தடவை அன்றைக்குப் போலவே நின்று வந்தது. இரண்டாவதிலிருந்து ஒருமுறை இது முந்தியது, ஒருமுறை அது. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்த முதல் தடவைத் தாமதம்தான் இருந்தால் என்ன? வரிசை போடுவது காலையில் ஒரே ஒரு முறை. அதனால் வாசலில் ஒரு ஆள்கூட ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றிருக்க மாட்டான். வேகமே தேவைப்படாத வேலைக்கு வேகப் பந்தயம் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு வரை பொறுக்கவில்லை. நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் நைனா" என்றாள்.

"உன்னுதையே போட்டுடறேம்மா. நாளைக்கே."

"வேணாம். அவன் எழுதுனதே ஓடட்டும். என்னுது நின்னுபோச்சுன்னா பிரிச்சிப் பாக்க அங்க யாரு கீறாங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. வேலை தெரிந்தவள் சொல்கிற மாதிரி, யோசித்துச் சொன்னாள். நீ வந்து பார் என்று கேட்க வாயைத் திறந்தேன். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத வாய். "சரிம்மா" என்று மட்டும் வந்தது.

காலையில் வண்டிகள் அக்கா மகன் போட்ட வரிசைப்படியே கிளம்புகின்றன. ஒன்றுகூட லேட்டாவதில்லை.