டயோட் மட்டும் தப்பியது

வாவிக்கரையில் உள்ள என் இறால் குளத்துக்கு ஒட்சிசன் அலாரம் பொருத்த வந்தவர் மெலிந்த மனிதர். சோல்டரிங் அயன் சூடேறிவிட்டதா என்று கன்னத்தருகே பிடித்துப் பார்ப்பார். குளத்திலிருந்து வரும் வயரில் இரண்டு டயோட் வைத்தார்.

“மின்னல் அடிச்சா, கூடின கரண்ட இது சப்ளை லைனுக்குத் தள்ளிரும்.”

“அந்த லைன் தாங்குமா, தம்பி?” என்று தயங்கிக் கேட்டேன்.

“அதுக்கு ரெகுலேட்டர் இரிக்கி. நீங்க இறாலப் பாருங்க அண்ணன்.”

மாரியில் மின்னல் அடித்து அலாரம் கருகியது. ஒட்சிசன் குறைந்தது எனக்குத் தெரியவில்லை. விடிந்தபோது இறாலெல்லாம் செத்துக் கிடந்தது.

திரும்ப வந்தவர் மீற்றரை வைத்துப் பார்த்தார்.

“ரெகுலேட்டர் கரண்டக் குடுக்கும், வாங்காது. அதான் லைன்ல கரண்ட் ஏறி எல்லாம் எரிஞ்சி போச்சி. ஆனா டயோட் ரெண்டும் நல்லா இரிக்கி அண்ணன்!”

அவர் முகத்தில் உண்மையான சந்தோசம் இருந்தது. நான் இறாலை வாரிக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தேன். அந்த நாற்றம் அவருக்கு மட்டும் எப்படி அடிக்கவில்லை என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.