கேட்டவர் பெயருக்கான வரி

காலை பத்து நாற்பதுக்கு அந்தக் கம்ப்யூட்டரை இயக்கினேன். முதலில் தெரிந்தது திரையின் நடுவே ஒரு கறுப்புச் சதுரம். அதில் வெள்ளை எழுத்தில் நான்கைந்து வரிகள் ஓடின, படிப்பதற்குள் மறைந்துவிட்டன. "அது தினம் வரும்," என்றார் அவருடைய மனைவி, டீயை மேசை ஓரத்தில் வைத்தபடி. "போட்டோவையெல்லாம் இன்னொரு இடத்துல எடுத்து வைக்குதுன்னு சொல்வார். என் பொண்ணு வைரஸ்ங்கிறா. அதை நிறுத்திடுங்கன்னு சொல்லியிருக்கா." டாக்குரியாவில், ரயில் சத்தம் கேட்கும் மூன்றாம் மாடி வீடு. அவர் இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. பழைய படங்களை எடுத்துக் கொடுக்க அவர் மனைவி என்னைக் கூப்பிட்டிருந்தார். கணவரின் அலுவலகத்தில் அந்த அம்மாவுக்குத் தெரிந்த தமிழ்க்காரி நான் ஒருத்திதான்.

இறந்தவர் எங்கள் நாளிதழின் சிஸ்டம்ஸ் மேனேஜர். நான் செய்திகளைத் திருத்தும் மேசையில் இருந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது டாஸ் காலம்; திரை முழுவதுமே கறுப்பு. மூலையில் ஓர் எழுத்து, ஓர் அம்புக்குறி, துடிக்கும் சிறு கோடு. கட்டளையைப் பிசகாமல் அடித்தால் வேலை நடக்கும், பிசகினால் ஒரே வரியில் மறுப்பு வரும். ஏஜென்சிச் செய்திகளைப் பக்கவாரியாகப் பிரித்துப் போட, கட்டளைகளை வரிசையாக எழுதி ஒரு பேட்ச் கோப்பாக வைத்திருந்தார். ஒரு சொல்லை அடித்தால் நாற்பது வரியும் தானாக ஓடும். விண்டோஸ் வந்ததும் எல்லோர் கையிலும் மவுஸ் வந்தது. கறுப்புத் திரை சுருங்கி ஒரு சன்னலாகி, பிறகு மெனுவுக்குள் எங்கோ போய் ஒளிந்தது. அவர் மட்டும் அதைத் தேடித் திறப்பார். "டாஸ்-தா, கரும்பலகைக்கு சாக்பீஸ் வேணுமா?" என்று, அண்ணனைக் கூப்பிடும் 'தா'வை டாஸோடு ஒட்டி, வங்காளி நிருபர்கள் கேலி செய்வார்கள். அவர் தலையைத் திருப்பாமல் அவர்கள் பாஷையிலேயே சொல்வார்: "மவுஸால செஞ்சா ஒரு தடவைதான். எழுதி வச்சா நான் செத்த பிறகும் ஓடும்."

அவர் எழுதிய ஒவ்வொரு கோப்பும் மூன்று வரிகளுடன் தொடங்கும். இயந்திரம் படிக்காமல் தாண்டிப் போகும் வரிகள் அவை. முதல் வரியில் கோப்பின் பெயர், இரண்டாவதில் தேதி, மூன்றாவதில் அதைக் கேட்டவர் யார், எதற்குக் கேட்டார் என்பது. "உங்க செய்திக்கு எழுதினவர் பேரை பைலைனா போடறீங்கல்ல, அது மாதிரி," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "எழுதினவனை விட கேட்டவங்க பேரு முக்கியம்மா. எதுக்குன்னு தெரியாம ஓடற புரோகிராம் மாதிரி ஆபத்து கிடையாது."

பல ஆண்டுகள் கழித்துப் புதிய நீலச் சன்னல் வந்தது. பவர்ஷெல் என்று பெயர். பழையதிடம் கோப்பின் பெயரையும் தேதியையும் அளவையும் கேட்கலாம். அதற்கு மேல் கேட்பது கஷ்டம். இதிலோ ஒரு செய்திக் கோப்பைக் கடைசியாகச் சேமித்தவர் யார் என்பதுவரை பல்லாயிரம் கோப்புகளிலிருந்து ஒரே மூச்சில் உருவிவிடலாம். ஐம்பது வயதுக்கு மேல் அதை உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் நான் அவரிடம் போனேன். மேசைக்கு இன்னும் இரண்டு ஆள் வேண்டும் என்று நியூஸ் எடிட்டரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். "புலம்பாதே, நம்பர் கொண்டுவா," என்றார் அவர். எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. யார் திருத்திய செய்தியானாலும், பக்கத்துக்குப் போகுமுன் ஷிப்ட் பொறுப்பாளர் ஒருமுறை திறந்து பார்த்துச் சேமித்து மூட வேண்டும். பெரும்பாலான நாட்களில் பொறுப்பாளர் நான்.

மேசை எத்தனை செய்தி பார்க்கிறது என்று எண்ணித் தரக் கேட்டேன்; டாஸ்-தா இரண்டு நாளில் பட்டியலோடு வந்தார். "பாதிக்கு மேல உங்க பேருதான் இருக்கு, பார்த்தீங்களா? கடைசியா சேவ் பண்ணினவங்க பேரைத்தான் இது எடுக்குது. வேலை செஞ்சது யாருன்னு இதுக்குத் தெரியாது. மொத்தத்தை மட்டும் காட்டுங்க. ஆள்வாரியா கொடுத்துடாதீங்கம்மா."

மொத்தம் ஒரு பக்கத்தில் அடங்கியது. ஆள்வாரிப் பட்டியல் பதினோரு பக்கம். பதினோரு பக்கத்துக்குக் கனம் இருக்கும் என்று நினைத்தேன். என் பெயர் உச்சியில் இருந்ததும் எனக்குப் பிடித்திருந்தது. முழுவதையும் நியூஸ் எடிட்டரிடம் கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் நான்கு பேரைப் போகச் சொன்னார்கள். அவர்களில் ஒருவரை மேசையில் எல்லோரும் பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவோம். நிருபர்களின் நீண்ட புலனாய்வுக் கட்டுரைகளை நாலு நாள் உட்கார்ந்து வரிவரியாகச் சீர்செய்பவர். பட்டியலில் அந்த மாதம் அவர் பெயருக்கு நேரே ஒன்பது கோப்புகள். மீதி எல்லாவற்றையும் கடைசியாகச் சேமித்தவள் நான். நியூஸ் எடிட்டரின் அறை என் நாற்காலியிலிருந்து பன்னிரண்டு எட்டு. ஒரு வாக்கியம் போதும். நான் எழுந்திருக்கவில்லை.

அன்று மாலை மேசை முழுவதும் டாஸ்-தாவைச் சூழ்ந்துகொண்டது. யார் எழுதினது என்று கேட்டார்கள். "நான்தான்." யார் கேட்டு எழுதினீங்க? கோப்பைத் திறந்து காட்டினார். முதல் வரி இருந்தது, இரண்டாவது இருந்தது, அடுத்து நேராகக் கட்டளைகள். "டாஸ்-தா, மூணாவது வரி எங்கே?" என்றார் பௌதி. "போட மறந்துட்டேன்," என்றார். நான் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

அதன்பின் அவரை யாரும் டீக்குக் கூப்பிடவில்லை. சாக்பீஸ் கேலியும் நின்றது. அடுத்த பூஜை விடுமுறைக்கு முன் ராஜினாமா செய்தார். ஓய்வுக்கு இரண்டு வருடம் மீதி இருந்தது. நான் மேசைத் தலைமைக்கு உயர்ந்தேன். ஒருமுறை டாலிகஞ்ச் போகும் மெட்ரோவில் பார்த்தேன். "மேசைக்கு ஆள் போட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த நிலையத்தில் இறங்கிக்கொண்டார். இப்போது மேசைக்கு வரும் பிள்ளைகள் வேண்டியதைப் பேச்சுமொழியில் கேட்கிறார்கள், கம்ப்யூட்டரே ஸ்கிரிப்டை எழுதிக் கொடுத்துவிடுகிறது. அவற்றில் சிலவற்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். கேட்டவர் பெயர் எதிலும் இல்லை.

படங்களைத் தேடும்போது அவருடைய கோப்புகள் இருந்த இடம் கண்ணில் பட்டது. இருநூறுக்கு மேல் இருக்கும். அவருடைய மனைவி பின்னால் வந்து நின்றார். "அந்த லிஸ்ட்டை யார் கேட்டாங்கன்னு எங்கிட்டகூட சொல்லலை. எழுதினவன் நான், விடும்பார். நாலு குடும்பத்தைக் கெடுத்தவன்னு பேரு வாங்கிட்டுப் போய்ச் சேர்ந்தார். உங்களுக்குத் தெரியுமா?"

அந்தப் பட்டியலை எடுத்த கோப்பைத் தேடித் திறந்திருந்தேன். வீட்டுப் பிரதியில் மூன்றாவது வரி இருந்தது. என் முழுப் பெயர். பக்கத்தில் 'மேசைக்கு ஆள் கேட்க'. ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில். அந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடி சாப்பாட்டு மேசையில் இருந்தது.

"தெரியாதும்மா," என்றேன்.

படங்கள் பென் டிரைவில் ஏற முக்கால் மணி நேரம் ஆயிற்று. கிளம்புமுன், அவர் மகள் சொன்னபடி, கம்ப்யூட்டரை இயக்கும்போது அந்தக் கறுப்புச் சதுரம் வராதபடி செய்தேன்.