அரை ஏக்கர் தீவுமண்

ஓடைகூட இல்லாத தீவில் சொந்தமாக ஒரு கிணறு. கடல்நீரைக் காய்ச்சி எடுத்த உப்பு. ஆறு கோழிகள். அரிசி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி மூன்றையும் தவிர வேறெதற்கும் கடையை எதிர்பார்க்காத அடுப்படி. புருஷனை இழந்த முப்பது வயதுச் செல்லம் இவ்வளவையும் இரண்டு வருஷத்தில் சேர்த்தாள் என்றால், குளுவாங் ரப்பர் தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயத்தில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

1931இல் ரப்பர் விலை விழுந்து தோட்டத்தை மூடினார்கள். லயத்தில் பாதிப் பேர் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினார்கள். செல்லத்தின் புருஷன் முந்தின வருஷமே குளிர்காய்ச்சலில் போய்விட்டிருந்தான். ரயில்பாதையில் வேலை பார்த்த அண்ணன் அய்யாவு வந்து நின்றான்.

"ஊருக்குப் போயிரு புள்ள. டிக்கட்டு சும்மா குடுக்குறாங்க."

"அங்க யாருண்ணே இருக்கா? மாமியா வீட்டுல சாணி அள்ளவா?"

வேலை போனவர்கள் சாப்பாட்டுப் பயிர் வைக்கச் சர்க்கார் அரை ஏக்கர் பெர்மிட் கொடுத்துக்கொண்டிருந்தது. பட்டணத்தை ஒட்டிய துண்டுகளை ஆண்கள் பிடித்துக்கொண்டார்கள். மெர்சிங் துறையிலிருந்து பாய்மரப் படகில் அரை நாள் தள்ளியிருந்த தீவுதான் மிஞ்சியது. செல்லம் கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டாம் வருஷ முடிவில் நில ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி வந்து பார்க்கும்போது பயிர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பெர்மிட் போய்விடும், அப்புறம் கப்பல்தான்.

அவளுக்கு உட்காரவே வராது. தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்த பழக்கத்தில் விடியுமுன்பே மண்வெட்டியோடு நிற்பாள். மணல்சரிவு முழுக்க மரவள்ளி நட்டாள். தோட்டத்தில் பத்து வருஷம் புல்வெட்டியவள். நிரையில் ஒரு புல் தெரிந்தாலும் துரை அரைப்பேர்தான் போடுவார், பாதிக் கூலிதான் கிடைக்கும். அதே கையோடு இங்கேயும் ஒரு பச்சை விடாமல் வழித்தெடுத்தாள்.

பக்கத்து நிலத்து மலாய்க்காரி மாக் சூ வேலியோரம் நின்று பார்த்தாள். "என்ன செல்லம், கல்யாணப் பந்தலா போடப் போறே?"

"எங்க தொரை பாத்தா மெச்சிக்குவாரு மாக் சூ."

"மழைக்கு உங்க தொரையத் தெரியாதுலா."

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றே நாளில் வெறும் மணல் கடலுக்கு இறங்கிவிட்டது. மரவள்ளி வேரோடு கரையில் கிடந்தது. மாக் சூவின் புதர் மண்டிய நிலம் இருந்தபடியே இருந்தது. செல்லம் ஈரச் சேலையோடு அந்த வேலிக்கும் தன் சரிவுக்கும் நடந்தபடியே இருந்தாள். எது மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது என்று புரிய அவளுக்கு ஒரு பொழுது ஆயிற்று.

இரண்டு மாதம் படகில்லை. விழுந்த தேங்காயும் நண்டும் கீரையுமாக ஓட்டினாள். மழை விட்டதும் மாக் சூவிடம் சர்க்கரைவள்ளிக் கொடி வாங்கிச் சரிவுக்குக் குறுக்காக நட்டாள். இடையிடையே புல்லை வரிசையாக விட்டாள். விட்ட புல்லைப் பார்த்தால் கை பரபரக்கும். அப்போதெல்லாம் எழுந்து போய்க் கிணற்றடியைத் தேய்ப்பாள், தேய்த்த இடத்தையே மறுபடி தேய்ப்பாள்.

அடுத்த மழையில் மண் நகரவில்லை. பங்குனி பிறக்கையில் கிராணி படகில் வந்து இறங்கினார். அவரும் ஒரு காலத்தில் தோட்டத்தில் கூலிகளுக்குப் பேர் போட்டவர்.

"என்னம்மா இது, காடா கெடக்கு? ஒரு புல்லு வெட்டல. தரிசுன்னுதான் எழுதணும்."

செல்லம் மண்வெட்டியை எடுத்து வந்தாள். 

"எழுதுறதுக்கு முந்தி ஒரு எடத்தக் காட்டுங்கய்யா. தோண்டுறேன்."

அவர் குடையால் காட்டினார். கொடியை விலக்கித் தோண்டினாள். கொத்தாகக் கிழங்கு வந்தது. நம்பாமல் மேட்டைக் காட்டினார். அங்கும் வந்தது. புல்வரிசையை ஒட்டிக் காட்டினார். அங்கே இன்னும் பெரிதாக வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாக் சூ சொன்னாள்: "இன்னும் நாலு எடம் காட்டுங்க துவான். அவ அறுவடையே முடிஞ்சிரும்."

கிராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, கவிழ்த்த படகின்மேல் தாளை விரித்துப் பெர்மிட்டைப் புதுப்பித்து எழுதினார். எழுதி முடித்து மைப்பெட்டியைத் தள்ளினார். "பெருவெரல வைம்மா."

செல்லம் கையை முந்தானையில் துடைத்தாள். "பேனாவக் குடுங்கய்யா."

அண்ணன் அய்யாவு தீவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் தலைப்பில் அவள் பெயரைப் பெரிதாக எழுதி அனுப்பியிருந்தான். அதைப் பார்த்துப் பார்த்து அவள் பலகையில் கரியால் எழுதிப் பழகியது மாக் சூவுக்கும் தெரியாது. மண் ஒட்டிய விரலால் பேனாவை அழுத்திப் பிடித்து, அவசரப்படாமல் எழுதினாள். கீழே கிராணி தேதி போட்டார்: 14 மார்ச் 1933, செவ்வாய்க்கிழமை.