நோன்பை விட்டவள்

தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் மாதா கோயில் பெண்களிடம் ஒரு கேள்வி புறப்பட்டுவிடும். விபூதித் திருநாள் பூசை முடிந்ததும் நெற்றியில் சாம்பலோடு வாசலில் கூடி நின்று, "நீ எதை விட்டே?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்பார்கள். ஒருத்தி கோப்பியை விட்டிருப்பாள். ஒருத்தி வெற்றிலையை விட்டிருப்பாள். துறைமுகக் குமாஸ்தாவின் மனைவி ஒருத்தி, வாய் ஓயாதவள், "நான் வம்பை விட்டுட்டேன்" என்பாள், நாங்கள் சிரிப்போம். ஆண்டவர் நமக்காகப் பாடுபட்டார், நாமும் அவருக்காகக் கொஞ்சம் பாடுபட வேண்டாமா என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள். பொருளில் குற்றமில்லை. அதைக் கெடுத்தவள் நான்.

அந்த வருடம் எனக்கு மூன்று மாதக் கைக்குழந்தை இருந்தது, பெண். எங்கள் சாமியார் பிரெஞ்சுக்காரர். தமிழை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துப் பேசுவார். நாளுக்கு ஒரு முழுச் சாப்பாடு மட்டும் என்று இருப்பதை நாங்கள் ஒருசந்தி என்போம். கர்ப்பவதிகளுக்கும் பால் கொடுக்கிற தாய்மாருக்கும் ஒருசந்தி கடமை இல்லை என்று அவர் பிரசங்கத்தில் தெளிவாகவே சொன்னார். எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. கல்யாணத்துக்கு முன் கன்னியர் மடத்தில் சேர ஆசைப்பட்டவள் நான். வீட்டில் விடவில்லை, கப்பலேற்றிப் பினாங்குக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அடுப்படியையே மடமாக்கிக் காட்டுகிறேன் என்று எனக்குள் ஒரு வீம்பு இருந்தது. போன இரண்டு தவக்காலத்திலும் நான் இளைத்ததைப் பார்த்துக் கோயிலில் வயதான பெண்கள்கூட என்னைத் தொட்டுக் கும்பிடாத குறைதான். எனக்குப் பசி ஒன்றும் பிடித்த பண்டமில்லை, பசியோடு இருப்பவள் என்ற பெயர்தான் பிடித்திருந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

ஆகவே ஒருசந்தி பிடித்தேன். கோப்பி இல்லை, மீன் இல்லை, பாய் இல்லாமல் பலகைத் தரையில் படுக்கை.

"பிள்ளை பால் குடிக்குது. நீ சாப்பிடாம இருந்தா எப்பிடி?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஆண்டவர் பாத்துக்குவார்" என்றேன், அவருக்கு ஆண்டவரைத் தெரியாது என்கிற தொனியில். பாவம், என் முகத்துக்கு எதிரே அவருக்குச் சோறு இறங்கவில்லை. வேலைக்குப் போகிற வழியில் சீனன் கடையில் எதையாவது தின்றுவிட்டுப் போக ஆரம்பித்தார்.

நாங்கள் சூலியா தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே புகையிலைக் கடை. கடைக்குப் பின்னால் கடைக்காரரின் குடும்பம், தமிழ் முஸ்லிம்கள். சமையல்கட்டு இரண்டு வீட்டுக்கும் பொது. அவர் மனைவி என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அவர்கள் வழக்கப்படி நானும் அவளை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவளுடைய மகனுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. கஞ்சியும் குடிப்பான், பாலும் குடிப்பான். முந்தைய வருடம் பிரசவத்தால் ராத்தாவால் ரமலான் நோன்பு பிடிக்க முடியவில்லை. இந்த வருடம் பிடித்தே தீருவேன் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வருடம் எங்கள் தவக்காலமும் அவர்கள் நோன்பும் சேர்ந்தாற்போல் வந்தன.

ஒரே சமையல்கட்டில் இரண்டு நோன்புக்காரிகள். எனக்கு உள்ளூர ஒரு போட்டி. அவர்களுக்குப் பொழுது சாய்ந்தால் விருந்து, விடியுமுன் சஹர் சாப்பாடு வேறு, நம்முடையதுதான் மெய்யான தவம் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் உச்சிவெயிலில் நான் கிணற்றடியில் ஒரு செம்பு தண்ணீரை மடக் மடக்கென்று குடித்ததை ராத்தா பார்த்துவிட்டாள்.

"என்னா புள்ள, ஒங்க நோம்புல தண்ணி குடிக்கலாமா? அப்பறம் அது என்னா நோம்பு லா!" என்று சிரித்தாள்.

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவள் எதையும் அப்படித்தான் சொல்வாள். எனக்கோ சுருக்கென்று தைத்தது. எங்கள் ஒருசந்தியில் தண்ணீருக்குத் தடையே கிடையாது. ஆனாலும் மறுநாளிலிருந்து நான் தண்ணீரையும் விட்டேன். ஒரு சாப்பாட்டையும் பொழுது சாய்ந்த பிறகு என்று தள்ளிவைத்தேன். விடியுமுன் எழுந்து சாப்பிடுவது மட்டும் கிடையாது, அதில் நான் ராத்தாவை மிஞ்ச வேண்டுமே. கிறிஸ்துவின் பேரைச் சொல்லிக்கொண்டு புகையிலைக் கடைக்காரர் மனைவியோடு பந்தயம் ஓடினேன். அவளுக்கு அப்படி ஒரு பந்தயம் நடப்பதே தெரியாது.

பினாங்கு வெயிலும் புழுக்கமும் தெரிந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. பால் குறைந்தது. பிள்ளை மாரை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வீறிடும். நான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்துக்கு முன்னால் நின்று, "ஆண்டவரே, இந்த அழுகையையும் உமக்கு ஒப்புக்கொடுக்கிறேன்" என்று செபித்தேன். இந்த ஒரு வாக்கியத்தை எழுதத்தான் இத்தனை வருடம் தயங்கினேன். என் பசியை நான் ஒப்புக்கொடுக்கலாம். அவள் பசி என்னுடையதா, எடுத்துக் கொடுப்பதற்கு?

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "எப்பிடி உருகிட்டே பாரு!" என்றாள் ஒருத்தி. அந்தச் சொல்லைச் சுவைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். பிள்ளை தோளில் கிடந்தது.

என் வீட்டுக்காரர் டின் பால் வாங்கி வந்தார். இனிப்பான கெட்டிப் பால்; வெந்நீரில் கரைத்துப் புகட்டினோம். இரண்டு நாள் ஒத்துக்கொண்டது. பிறகு வயிறு பிடுங்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. கண் உள்ளே போயிற்று. உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தது. அவர் டாக்டரைக் கூட்டிவர ஓடினார். பிள்ளை அழுவதை நிறுத்தியிருந்தது. அமைதியாகிவிட்டது, தூங்கப்போகிறது என்று நான் நினைத்தேன். அவ்வளவு அறிவு எனக்கு.

அழுகை நின்றதைக் கேட்டுத்தான் ராத்தா மாடியேறி வந்தாள். பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள். என் கையிலிருந்து வாங்கி, சுவரோரம் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு மாரில் வைத்தாள். முதலில் பிள்ளைக்குப் பிடிக்கவே தெம்பில்லை. ராத்தா விரலால் பாலைப் பீய்ச்சி உதட்டில் தடவினாள். திரும்பவும் தடவினாள். கடைசியில் பிள்ளை விழுங்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்படுவதற்கு முன் எனக்கு வெட்கம்தான் வந்தது. என் பிள்ளை எவ்வளவு பசியோடு இருந்திருக்கிறாள் என்று இன்னொருத்தி மடியில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"ஒனக்குப் பாலு எங்க போச்சு? தண்ணி குடிக்கிறியா இல்லியா?" என்று ராத்தா கேட்டாள்.

"பகல்ல குடிக்கிறதில்ல."

"ஏன்?"

"நீங்கதானே ராத்தா சொன்னீங்க, தண்ணி குடிச்சா அது என்ன நோன்புன்னு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமா, பயமா என்று சொல்ல முடியவில்லை. "அடி பைத்தியக்காரி! வெளையாட்டுக்குச் சொன்னதுக்கா புள்ளைய இப்பிடிக் காயப்போட்டே? போ, போய்த் தண்ணி எடுத்துட்டு வா."

கூஜாவும் தம்ளருமாக வந்தேன். முதல் தம்ளரை என்னைக் குடிக்கச் சொன்னாள். குடித்தேன். அடுத்த தம்ளரை ஊற்றச் சொல்லி வாங்கி, பிஸ்மில்லா சொல்லி, தானே வாயில் வைத்தாள். ஜன்னலில் வெயில் இன்னும் தெருவுக்கு மேலே நின்றது.

"ராத்தா, நோன்பு!" என்று பதறிவிட்டேன்.

அவள் முழுவதையும் குடித்துவிட்டுத்தான் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"விட்டுட்டேன்" என்றாள். "ரெண்டு புள்ளைக்குப் பாலு ஊறணும்ல? வயித்தக் காயப்போட்டா எங்கேர்ந்து ஊறும்? புள்ளைக்காக விட்டா மார்க்கத்துல எடமிருக்கு. பின்னாடி புடிச்சிக்கலாம்." கொஞ்ச நேரம் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "போன வருசமும் இல்ல, இந்த வருசமும் இல்ல" என்றாள்.

நீ எதை விட்டே என்று கோயில் வாசலில் நாங்கள் கேட்டுக்கொள்வது அப்போதுதான் என் காதில் விழுந்தது. கோப்பியையும் வெற்றிலையையும் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆசையாகக் காத்திருந்து பிடித்த நோன்பையே விட்டவளை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகைகூட வரவில்லை.

டாக்டர் வந்தார், மருந்து கொடுத்தார், இந்தப் பாலை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நோன்புப் பெருநாள்வரை ராத்தா என் மகளுக்குப் பால் கொடுத்தாள். அவளுடைய சொந்தக்காரப் பெண்கள் சும்மா இருக்கவில்லை, ஊரார் பிள்ளைக்காக நோன்பை விடுவாளா ஒருத்தி என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் திருப்பிக் கொடுக்கவும் தவறவில்லை. "இனிமே ஊரார் புள்ளையில்ல. ஏம் புள்ளைக்குத் தங்கச்சி" என்பாள். "சம்பந்தம் மட்டும் பேசிக்கிட்டு வந்துராத புள்ள, ஒரே பாலு குடிச்சதுங்களுக்குள்ள எங்கள்ல கூடாது" என்று என்னைக் கேலிசெய்வாள்.

நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் பத்துச் செபமாலை, இன்னும் கடுமையான ஒருசந்தி என்று ஏதாவது அபராதம் சொல்வார், சுமந்து தீர்த்துவிடலாம் என்று முழங்காலில் காத்திருந்தேன். "உயிர்த்த திருநாள்வரை மூன்று வேளை சாப்பிட வேண்டும். அதுதான் உனக்கு அபராதம்" என்றார். மூன்று வேளையும் சாப்பிட்டேன். என் வாழ்நாளில் அதைப் போல எதுவும் தொண்டையில் சிக்கியதில்லை.

உயிர்த்த திருநாளன்று கோயில் வாசலில் ஒரு பெண் என் மகளை வாங்கி உயர்த்திப் பார்த்தாள். கன்னம் உப்பியிருந்தது. "பாத்தியாம்மா, நீ இருந்த ஒருசந்திக்கு ஆண்டவர் குடுத்த பலன்!" என்றாள். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அது கீழ்வீட்டு ராத்தாவின் பால் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் எனக்காகத் தன் ஆட்களிடம் பேச்சு வாங்கினாள். நானோ வேறு மதத்துக்காரி பாலைக் கொடுத்தாயா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, சிரித்துக்கொண்டு பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

சில வாரம் கழித்து ஒரு பகலில் சமையல்கட்டுக்குப் போனால் ராத்தாவின் அடுப்பு அணைந்து கிடந்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து பையனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். உதடு உலர்ந்திருந்தது. விட்ட நோன்புகளைத் திரும்பப் பிடிக்கிறாள் என்று புரிந்தது. ஊரெல்லாம் தின்றுகொண்டிருக்கிற மாதத்தில், பாராட்ட ஒருத்தரும் இல்லாமல், தனியாக. எனக்குப் பால் திரும்பிவிட்ட பிறகுதான் தொடங்கியிருக்கிறாள். நான் சோற்றுப் பானையைத் தொடாமல் மாடிப்படிப் பக்கம் நழுவினேன்.

"எங்க போறே?" என்றாள். "நீங்க சாப்பிடாம நான் எப்பிடி ராத்தா" என்று இழுத்தேன்.

"தொடங்கிட்டியா மறுபடியும்? ஒக்காந்து தின்னு புள்ள. பாலு வேணும்."

உட்கார்ந்தேன். அவளுக்கு எதிரே, அவள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு தட்டுச் சோற்றையும் பருப்பையும் தின்று முடித்தேன். பருப்பு போதுமா என்று அவள்தான் கேட்டாள். அந்தத் தவக்காலம் முழுவதும் நான் பட்டதாகச் சொல்லிக்கொண்ட பாடுகளில் ஒன்றுகூட அந்தச் சோற்றுக்குச் சமமில்லை. என்னைக் கொஞ்சமாவது வளர்த்தது என்று ஏதாவது இருந்தால் அது அதுதான்.

வளர்ந்தது கொஞ்சம்தான். அடுத்த வருடம் விபூதித் திருநாளில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். நான் எதையும் விடவில்லை, எனக்காக விட்டவள் ஒருத்தி இருக்கிறாள் என்று. குமாஸ்தாவின் மனைவி என் பக்கம் திரும்பி, "நீ எதை விட்டே?" என்றாள். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"கோப்பி" என்றேன்.